இடைவெளிக்குப் பிறகு ரிலே பேனலுக்குத் திரும்புவது எப்படி

கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறுகிற சாலையில் லோயர் கேம்ப்பைத் தாண்டும்போது, மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்க்கலாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வந்து, அந்தக் குழாய்களில் பாய்ந்து, கீழே பவர் ஹவுஸில் நான்கு ஜெனரேட்டர்களைச் சுழற்றிவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. 2014 முதல் 2022 வரை எட்டு வருடம், தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து அந்தக் குழாய்களைக் கடந்து போனேன். அதற்கு முன் 13 வருடம் மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் மாவட்டத் துணைமின் நிலையங்களில் ரிலே (மின்கோளாறைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) சோதித்தவன் நான். குழாய்கள் தெரிகிற வளைவு வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். அவ்வளவு ஏக்கம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால்தான் வேலையை விட்டேன். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், அணக்கரைக்குப் பக்கத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் ஏலத் தோட்டம். 2018 ஆகஸ்ட் பெருமழையில் பாதிச் செடி அழுகிப்போனது. அடுத்த ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது விற்பதற்கு எங்களிடம் காய் இல்லை. காய் வந்தபோது விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்பா காலமான பிறகு தோட்டத்தைத் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு, 42 வயதில் பழைய தொழிலுக்குத் திரும்பினேன். வளைகுடாவில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், பிள்ளை வளர்ப்பதற்காக நின்ற பெண்கள், விபத்துக்குப் பின் தயங்கி நிற்பவர்கள் என்று இதே நிலையில் பலரைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் செய்வது ரிலே, அது பொருத்தப்பட்ட பேனல், ரிலே சொன்னதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வேலை. லைன் வேலை பார்க்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் காகிதங்களை எடுங்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த மேற்பார்வையாளர் அல்லது கம்பியாள் தகுதிச் சான்றிதழ் உங்களிடம் இருந்தால், அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். என்னுடையது டிரங்குப் பெட்டியின் அடியில், தோட்டத்துப் பட்டா நகல்களோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தேதி முடிந்து பல வருடம் ஆகியிருந்தது. வேலை கேட்டு அலைந்த பிறகு புதுப்பிக்கக் கொடுத்தேன். அது என் தவறு. கிடைக்கவிருந்த ஒரு வேலை அதனால் கைவிட்டுப் போனது. புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத்தான் ஒப்பந்ததாரர்களைப் பார்க்கப் போக வேண்டும்.

அடுத்து, செய்த வேலைகளை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். நிறுவனங்களின் பெயரை வைத்து எழுதாதீர்கள். 2010இல் மின்வாரியம் டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024இல் டான்ஜெட்கோவும் உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று என்று பிரிந்துவிட்டது. பழைய பெயர்களைப் பார்த்து இன்றைய இளைஞருக்கு ஒன்றும் விளங்காது. எந்த மின்னழுத்தத்தில் (எத்தனை கே.வி., அதாவது எத்தனை ஆயிரம் வோல்ட்), எந்த வகை ரிலேயில், என்னென்ன சோதனை செய்தீர்கள் என்று எழுதினால் தொழில் தெரிந்தவருக்கு உடனே புரியும். "22 கே.வி. ஃபீடர் ஓவர் கரண்ட், எர்த் ஃபால்ட், 110 கே.வி. டிரான்ஸ்பார்மர் டிஃபரன்ஷியல், சி.டி. ரேஷியோ, போலாரிட்டி, மேக்னடைசிங் கரண்ட்" என்று நான் எழுதியிருந்த ஒரு வரிதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. இடைவெளியை மறைக்க வேண்டாம். "2014 முதல் 2022 வரை: தந்தையின் உடல்நிலை, விவசாயம்" என்று ஒரே வரி போதும். அதற்கு மேல் விளக்கினால் மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும். அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பேனலுக்குப் பின்புறம் இருட்டில் குனிந்து ஒயர் முனையில் இருக்கும் ஃபெர்ரூல் (ஒயரின் அடையாள வளையம்) எழுத்தைப் படிப்பதுதான் நம் வேலையில் பாதி. 11 என்பது 17 போலத் தெரிந்தால் அன்றைக்கே விபத்துதான். கிட்டத்தில் இருப்பதைப் படிக்கும் கண்ணாடி ஒன்றும், நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றும் வாங்கினேன். முதல் சம்பளத்துக்கு முன்பு நான் செய்த செலவு அவ்வளவுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு ஏணியில் ஏறித் தலை சுற்றினால் கீழே பிடித்துக்கொண்டிருப்பவரும் சேர்ந்து விழுவார்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். மாறாதது எது, மாறியது எது என்று பிரித்துக்கொண்டு படித்தால் பயம் குறையும். மாறாதவற்றின் பட்டியல் நீளம் என்பதைக் கண்டபோது எனக்கு அழுகை வராத குறை. ஃபெர்ரூல் எழுத்துகள் மாறவில்லை: ஏ என்றால் டிஃபரன்ஷியல் (உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வருவதையும் ஒப்பிடுவது) போன்ற பாதுகாப்புக்கான சி.டி. (பெரிய மின்னோட்டத்தைச் சிறிதாக்கித் தரும் கருவி), சி என்றால் ஓவர் கரண்ட், டி என்றால் மீட்டர், ஈ என்றால் பி.டி. (மின்னழுத்தத்தைச் சிறிதாக்கித் தருவது), ஜே என்றால் டி.சி. சப்ளை, கே என்றால் பிரேக்கரை மூடித் திறக்கும் சர்க்யூட். ரிலேக்களின் எண்களும் அப்படியே: 51 என்றால் நேரம் கழித்து வேலை செய்யும் ஓவர் கரண்ட், 87 என்றால் டிஃபரன்ஷியல், 86 என்றால் பிரேக்கரைத் திறந்து பூட்டிவைக்கும் மாஸ்டர் டிரிப். தட்டுச் சுழலும் பழைய ரிலேயில் நாம் சோதித்த வளைவுதான் இன்றைய டிஜிட்டல் ரிலேக்குள்ளும் கணக்காக உட்கார்ந்திருக்கிறது. நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் டைம் மல்டிபிளையர் ஒன்றில், ரிலேயில் வைத்த செட்டிங்கைப்போல இரு மடங்கு மின்னோட்டம் போனால் 10 விநாடி, ஐந்து மடங்கில் 4.3 விநாடி, பத்து மடங்கில் 3 விநாடி. தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்ந்துகொண்டிருக்கும் இரவுகளில், நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டே இந்தக் கணக்குகளைப் பழைய சந்தைச் சீட்டுகளின் பின்பக்கம் போட்டுப் பார்ப்பேன். மல்டிபிளையர் 0.3, நான்கு மடங்கு மின்னோட்டம், எத்தனை விநாடி? ஒன்றரை விநாடி. இப்படித் தினம் பத்துக் கணக்கு, ஒரு மாதம். வேறு எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இவ்வளவு தைரியம் கொடுத்திருக்காது.

இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வேலையையும் மறுபடி படியுங்கள். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகும் என்பதை மறந்துவிட்டு, காலையில் எடுத்த அளவையும் மதியம் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்ல டிரான்ஸ்பார்மரைக் கெட்டுவிட்டது என்பீர்கள். எங்கள் பள்ளத்தாக்கில் சாரல் காலத்தில் புஷிங்கின் (டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி வெளியே வரும் பீங்கான் குழல்) மேல் ஈரம் படிந்தே இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மேற்பரப்புக் கசிவை அளவில் சேர்க்காமல் விலக்கும் மெக்கரின் கார்டு முனையை இணைத்துத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காகிதத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு வெளியே இருக்கும் ஈரத்தை அளந்துகொண்டிருப்போம்.

எந்த வேலையில் சேருவது? பெரிய புதுத் துணைமின் நிலையக் கட்டுமானத்தில் உடனே சேராதீர்கள். அங்கே எல்லோருக்கும் அவசரம், யாரும் நின்று சொல்லித்தர மாட்டார்கள். "நாளை மின்தடை" என்று செய்தித்தாளில் ஊர்ப் பெயர்களோடு வருமே, அந்த மாதாந்திரப் பராமரிப்பு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரிடம் போங்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலைக்குள் முடிகிற வேலை. ஒரே மாதத்தில் பலவிதமான பேனல்கள் கண்ணில் படும். அதிலும் இரண்டாவது ஆளாகப் போகிறேன் என்று நீங்களே கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒப்பந்ததாரர், "என்னப்பா, முன்னால் நீ டீம் நடத்தியவன்தானே?" என்றார். மூன்று மாதம் இரண்டாம் ஆளாக இருக்கிறேன், பழைய சம்பளத்தில் முக்கால் பங்கு போதும் என்றேன். வீட்டில் அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மூன்று மாதம் இல்லாவிட்டால் இன்று இதை எழுத உயிரோடு இருந்திருப்பேனா என்பது சந்தேகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புதிய நிலையத்துக்குள் போனதும் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகாதீர்கள். பேட்டரி அறைக்குப் போங்கள். 110 வோல்ட் டி.சி.தான் நிலையத்தின் உயிர்நாடி. இரண்டு வோல்ட் செல் 55. அது செத்துப்போனால் எவ்வளவு நவீன ரிலே இருந்தாலும் பிரேக்கர் திறக்காது. ஃபால்ட் எரிந்துகொண்டே இருக்கும். சார்ஜர் ஓடும்போது மீட்டர் 120 காட்டுவதை நம்ப வேண்டாம். ஆபரேட்டரிடம் அனுமதி வாங்கி சார்ஜரைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, பேட்டரி தனியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும், நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் டி.சி. ஒயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று பொருள். இந்தச் சோதனைக்குப் புதுப் படிப்பு எதுவும் வேண்டாம். எட்டு வருடம் விட்டுப்போனவனுக்கும் முதல் நாளே மரியாதை வாங்கித் தரும் வேலை இது.

பிறகு யார்டை (திறந்தவெளியில் கருவிகள் நிற்கும் இடம்) சுற்றி நடந்து, நிலையத்தின் ஒற்றைக்கோட்டு வரைபடத்தை உங்கள் கையால் வரையுங்கள். சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து எழுதக் கூடாது. எல்லா லைனும் சேரும் பஸ்பார் எங்கே, லைனைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கும் ஐசொலேட்டர்களில் எது எந்தப் பக்கம், எர்த் சுவிட்ச் எங்கே என்று கண்ணால் பார்த்து வரைந்துவிட்டு, அதன் பிறகு சுவர்ப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒருமுறை என் படத்தில் இருந்த ஒரு ஐசொலேட்டர் சுவரில் இல்லை. பின்னால் சேர்த்ததைப் படத்தில் ஏற்றாமல் விட்டிருந்தார்கள்.

இனி அந்தச் சம்பவம். திரும்பி வந்த ஆறாவது வாரம். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு 110 கே.வி. துணைமின் நிலையம். பழைய பேனலில் இருந்த தட்டு ரிலேயைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் டிஜிட்டல் ரிலேயைப் பொருத்தியிருந்தார்கள். பேனலின் நிறம், கைப்பிடி, விளக்கு எல்லாம் நான் முன்பு நூறு முறை பார்த்தவை. பக்கத்து ஃபீடரில் (நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் லைன்) வேலை. இந்த ஃபீடர் லோடில் இருந்தது, அதாவது மின்னோட்டம் போய்க்கொண்டிருந்தது. ரிலேயின் விவரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். பின்பக்கம் போனேன். பெயர்ப் பலகை ஒயர்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கனெக்டர் ஒன்றைக் கழற்றினால் தெரியும் என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்து அரைச் சுற்றுத் திருப்பிவிட்டேன்.

"அண்ணே! கையை எடுங்கள்!"

எங்கள் குழுவின் எஞ்சினியர், என்னைவிட 17 வயது இளையவர். அதட்டல் அறை முழுக்க எதிரொலித்தது. கையை எடுத்தேன். அது சி.டி. வந்து சேரும் முனை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய தட்டு ரிலேயை அதன் பெட்டியிலிருந்து வெளியே இழுத்தால், பெட்டிக்குள் இருக்கும் தகடுகள் சி.டி. முனைகளைத் தானாகவே ஒன்றோடொன்று இணைத்துவிடும். பயமில்லாமல் இழுக்கலாம். 13 வருடம் நான் இழுத்திருக்கிறேன். புதிதாக வைத்திருந்த அந்த ரிலேயில் ஒயர்களை நேரே முனையில் முறுக்கியிருந்தார்கள். கழற்றினால் எதுவும் தானாக இணையாது. லோடில் இருக்கும் சி.டி.யின் செகண்டரி திறந்தால் அந்த முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். தீப்பொறி பறக்கும், சி.டி. வெடிக்கலாம், தொட்டவர் பிழைப்பது அரிது. இந்தப் பாடம் எனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்கு நானே நடத்திய பாடம். அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. கை வேலை செய்தது. அந்தப் பேனலின் முகத்தைப் பார்த்ததும் 2013க்குப் போய்விட்டது கை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் மறதிக்குத்தான் பயப்படுகிறார்கள். நானும் அதற்குத்தான் பயந்தேன். மறந்துபோன இடத்தில் தயங்கி நிற்போம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். மறக்காத இடத்தில் நிற்க மாட்டோம். பழைய கருவிக்குப் பழகிய கை, புதிய கருவியின்மேல் போகும். திரும்பியவனுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே கையைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். எதைத் தொடுவதற்கு முன்பும் அதன் பெயரையும் செய்யப்போவதையும் வாய்விட்டுச் சொல்கிறேன். "இரண்டாம் நம்பர் ஃபீடர் பேனல், சி.டி. டெர்மினல், சி 11, லோடில் இருக்கிறது, ஷார்ட் செய்யப்போகிறேன்." பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்வேன், இல்லாவிட்டாலும் சொல்வேன். வாய் பேச எடுத்துக்கொள்ளும் மூன்று விநாடியில் புத்தி வந்து சேர்ந்துவிடும். ஷார்ட் செய்த பிறகு (முனைகளை ஒன்றோடொன்று இணைத்த பிறகு) டங் டெஸ்டரை, ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவியை, வைத்து, இணைப்பு லிங்க்கில் மின்னோட்டம் திரும்பிவிட்டதா, ரிலேக்குப் போகும் ஒயரில் பூஜ்யம் ஆகிவிட்டதா என்று பார்த்த பின்பே முனையைத் தொடுவேன். முதல் ஆறு மாதமாவது இதைக் கட்டாயம் செய்யுங்கள். நான் இன்னும் செய்கிறேன்.

கை ஏமாற்றும் இன்னோர் இடம் பிரேக்கர். எண்ணெய் பிரேக்கரோடு வளர்ந்தவர்களுக்கு எண்ணெயின் மட்டமும் வாசனையும் சேதி சொல்லும். வாக்குவம் பிரேக்கர் எதுவும் சொல்லாது. மூடிய குடுவைக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சப்ளையை நிறுத்திவிட்டால் செத்துக் கிடப்பதுபோல இருக்கும். ஆனால் உள்ளே ஸ்பிரிங் முறுக்கிய நிலையில் காத்திருக்கும். கையை வைத்தால் எலும்பை முறித்துவிடும். இருபக்க ஐசொலேட்டரும் திறந்ததை உறுதி செய்துகொண்டு, ஸ்பிரிங் முறுக்கும் மோட்டாரின் சப்ளையை நிறுத்தி, ஒருமுறை மூடி, ஒருமுறை திறந்து, இரண்டு ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டதைக் காட்டியில் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

எல்.சி. பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்திவிட்டு வேலைக்குத் தரும் அனுமதி, கையில் வாங்காமல், எண்ணை எழுதிக்கொள்ளாமல், திரும்பப் படித்துக் காட்டாமல் யார்டில் காலை வைக்காதீர்கள். நிறுத்திய லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராட்டில் எர்த் முனையை முதலில் மாட்டி, லைன் முனையைப் பிறகு மாட்ட வேண்டும். எடுக்கும்போது தலைகீழ். வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் போட வேண்டும். "லைன் ஆஃப்தான் அண்ணே, சும்மா ஏறுங்கள்" என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும் ஏறாதீர்கள்.

இருபுறமும் என்று அழுத்திச் சொல்வதற்கு என் தோட்டத்து வாழ்க்கைதான் காரணம். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. ஏலக்காய் ஸ்டோரில் விசிறி நின்றால் காயின் பச்சை நிறம் போய்விடும்; விலையும் போய்விடும். அதனால் பல ஸ்டோர்களில் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. வெளி லைனும் ஜெனரேட்டரும் சேராமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்காமல், கரண்ட் போன அவசரத்தில் இரண்டு ஒயரை நேரே செருகி ஓட்டியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போய், தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) லைனில் நிற்கும். மேலே நிலையத்தில் ஃபீடர் ஆஃப். கம்பத்தில் ஏறியவருக்கு அது தெரியாது. தொழிலில் இருந்த 13 வருடத்தில் இதை நான் ஒரு வரியாகப் படித்திருந்தேன். தோட்டக்காரனாக இருந்தபோதுதான் அது எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று விளங்கியது. இப்போது எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் அந்த ஃபீடரில் ஸ்டோர், அரிசி ஆலை, கல்யாண மண்டபம் எத்தனை என்று முதலில் கேட்கிறேன். நீங்கள் விலகியிருந்த காலத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவராக எதைப் பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இதுபோல ஏதாவது உங்களிடமும் இருக்கும்.

எல்லையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் தென்மாவட்டங்களில் பகிர்மான லைன் 22 கே.வி.; மலை ஏறிக் கேரளத்துக்குள் போனால் 11 கே.வி. பெரிய லைன் இங்கே 230 கே.வி., அங்கே 220 கே.வி. அங்கே 66 கே.வி. லைன்களும் உண்டு. இந்தப் பக்கம் எல்.சி. என்பதை அந்தப் பக்கம் பெர்மிட் என்பார்கள். எட்டு வருடம் அணக்கரையில் மலையாளம் பேசியவன் நான். ஆனாலும் இடுக்கி மாவட்டத்தில் ஒரு வேலைக்குப் போனபோது ஃபீடர் பெயரை வாயால் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, எழுதி, அந்தச் சேட்டனிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். பேச்சு புரிகிறது என்ற தைரியம் கடைத்தெருவுக்குப் போதும், யார்டுக்குப் போதாது.

மாறியவற்றில் பெரியது லேப்டாப். முன்பு ரிலேயின் முன்னால் நின்று, அது வேலை செய்ததைக் காட்டும் சிறு கொடி விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். இன்று ரிலேயே எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது: எந்த நொடியில், எந்த ஃபேஸில், எத்தனை ஆம்பியர். இதைக் கற்றுக்கொள்ள நான் அந்த எஞ்சினியரிடமே போனேன். அதட்டியவரிடமே கற்பதில் எனக்கு வெட்கமில்லை. என்னைக் காப்பாற்றியவர் அவர். மூன்று விஷயங்களை முதல் நாளே சொல்லித்தந்தார். எதை மாற்றுவதற்கு முன்பும் இருக்கிற செட்டிங்கை அப்படியே பிரதி எடுத்துத் தேதி போட்டு வைக்க வேண்டும். ரிலேயில் சேமித்திருக்கும் செட்டிங் தொகுப்புகளில் எந்த செட்டிங் குரூப் இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். முதல் குரூப்பைத் திருத்திவிட்டு ரிலே இரண்டாவதில் ஓடிக்கொண்டிருந்தால் செய்த வேலை வீண். ரிலேயின் கடிகாரம் சரியா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ரிலேயின் பதிவை ஒப்பிட முடியாது.

பதிவைத் திறக்க அவருக்குத் தெரியும். பதிவு என்ன சொல்கிறது என்பதில் என் பங்கும் இருந்தது. ஆடிக் காற்று பள்ளத்தாக்கையே பிய்த்துக்கொண்டிருந்த ஒருநாள் ஒரு ஃபீடர் திரும்பத் திரும்ப டிரிப் ஆனது. திரையில் இரண்டு ஃபேஸில் மட்டும் மின்னோட்டம் ஏறியிருந்தது. எர்த் கரண்ட் இல்லை. மரம் சாய்ந்திருந்தால் எர்த் கரண்ட் காட்டியிருக்கும் என்றேன். எங்கோ ஒரு ஸ்பானில் (இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்ட நீளம்) கம்பி தளர்ந்து, காற்றில் ஒன்றோடொன்று உரசுகிறது. லைன்மேன் போய்ப் பார்த்தார். தென்னந்தோப்பைக் கடக்கும் இடத்தில் கம்பி தொய்ந்து கிடந்தது, உரசிய தடத்தோடு. அன்று முதல் பதிவு வந்தால் அவர் என்னைக் கூப்பிடுவார். தெரியாததைக் கேளுங்கள், தெரிந்ததைத் தயங்காமல் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.

இப்போது தொழிலை விட்டுக் கொஞ்சகாலம் விலகப்போகிறவர்களுக்கு. நான் 2014இல் டெஸ்ட் கிட்டை ஒப்படைத்துவிட்டு மறுநாளே மலையேறினேன். எதையும் எடுத்து வைக்கவில்லை. நீங்கள் அப்படிப் போகாதீர்கள். செய்த சோதனை அறிக்கைகளில் உங்கள் கையெழுத்து உள்ளவற்றின் நகலை அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழைப் போகும்போதே வாங்குங்கள். பிறகு கேட்டால் கொடுப்பதற்கு அந்த மேலாளர் அங்கே இருக்க மாட்டார். சோதித்த ரிலேக்களின் வகையையும் மாடலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திரும்பும்போது எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட அது வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது பழைய குழுவில் ஒருவரிடம் பேசி, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள்.

எங்கள் எஞ்சினியருக்கு வரும் ஐப்பசியில் பிரசவம். ஒன்றரை வருடம் விடுப்பு எடுக்கப்போவதாகச் சொன்னார். இந்தப் பட்டியலை அவரிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் செய்து முடித்து, ஃபைலைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் விடுப்புக்கு நடுவில் வருகிறது. கைக்குழந்தையோடு இருக்கும்போது மறந்துவிடும் என்பதால், அந்தத் தேதியை என் நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறேன்.